சட்டைப்பைத் துப்பாக்கி: கையில் எடுப்பதற்கு முன்

ஆத்தூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் பரணை ஒழிக்கும்போது என்னென்னவோ கீழே இறங்கும். செம்புத் தவலை, வெற்றிலைச் செல்லம், கொழும்பு முகவரி எழுதிய தகரப் பெட்டி. அவற்றை ஒரு மாதம் திண்ணையில் வைத்துப் பார்த்து, யாருக்கு எது என்று நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பழைய துப்பாக்கி வந்தால் அந்த நிதானம் செல்லாது. அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். என்ன முடிவு, யாரிடம் போவது, எதைச் செய்யவே கூடாது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

இப்படிப்பட்ட பொருள்கள் அழிந்துபோகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பயத்தில் இரவோடு இரவாகத் தாமிரபரணியில் வீசிவிடலாம் என்று வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆற்றில் போட்ட துப்பாக்கி வண்டலில் புதையலாம், கோடையில் நீர் வற்றியதும் ஒரு சிறுவன் கையிலும் அகப்படலாம். உங்கள் குடும்பத்து வரலாற்றில் ஒரு துண்டு போய்விடும், ஆபத்து அப்படியே இருக்கும்.

கையில் இருப்பது என்ன?

சட்டைப்பைத் துப்பாக்கிகளில் உலகம் அறிந்த பெயர் டெரிஞ்சர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொழில் செய்த ஹென்றி டெரிஞ்சர் என்ற துப்பாக்கிக் கம்மியரின் பெயர் அது. அவர் செய்தது ஒரே குழல், ஒரே வெடி. குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, பின்பக்கம் கேப்பு வைத்து, குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திச் சுடுவது. 1865 ஏப்ரல் 14 அன்று ஆபிரகாம் லிங்கனை ஜான் வில்க்ஸ் பூத் சுட்டது இப்படியொரு டெரிஞ்சரால்தான். அதன் பிறகு அந்தப் பெயர் கையடக்கத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

1866 முதல் 1935 வரை ரெமிங்டன் நிறுவனம் செய்த இரட்டைக் குழல் டெரிஞ்சர் அடுத்த தலைமுறை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல்கள், மேலே ஒரு கீல். கீலைத் திருப்பித் தோட்டாவைப் பின்வழியாகப் போடலாம். நீளம் 12 சென்டிமீட்டர் அளவு, எடை 300 கிராமுக்குச் சற்று மேல். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். அதற்குப் பின் வந்தவை பெல்ஜியத்தின் எப்.என். ஆலை செய்த பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கிகள். 1900ஆம் ஆண்டு மாடல் 7.65 மில்லிமீட்டர் தோட்டாவும், அதைவிடச் சிறிய 1906ஆம் ஆண்டு மாடல் 6.35 மில்லிமீட்டர் தோட்டாவும் எடுக்கும். பிடிக்குள் செருகும் மேகசினிலிருந்து தோட்டா தானாக ஏறும். சட்டைப்பையில் வைப்பதற்கென்றே பிறந்த வகை, அதனால் டெரிஞ்சரின் நேர் வாரிசு என்று இதைச் சொல்லலாம்.

நம் மாவட்டத்தின் வரலாற்றில் இடம்பிடித்த துப்பாக்கி இந்தக் கடைசி வகைதான். 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி ரயில் சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு காத்திருந்தார். கொடைக்கானலுக்குப் பயணம். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார்; பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷுக்கு இருந்த பங்கு தூத்துக்குடிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இங்கே நான் கவனிக்கச் சொல்வது இன்னொன்று. அப்போது அமலில் இருந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் ஒருவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அந்தச் சட்டம் செல்லாது. வாஞ்சிநாதன் சுடப் பழகியது அங்கேதான், வ.வே.சு. ஐயரின் மேற்பார்வையில்.

அதற்கும் முன்னால், பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமைக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பிரகடனம் வெளியிட்டார். மீறினால் மரண தண்டனை. பழைய துப்பாக்கி என்றதும் நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதற்குப் பின்னால் இத்தனை நீண்ட காலம் இருக்கிறது. இன்றைய சட்டம் அவ்வளவு கொடியது அல்ல. நேர்மையாக முன்வருபவருக்கு அதில் வழி உண்டு.

பழையது என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

வேண்டும். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டுக்குள் செய்யப்பட்ட துப்பாக்கிகள் கூட்டாட்சிச் சட்டத்தில் தொல்பொருளாகக் கருதப்படுகின்றன. இணையத்தில் அதைப் படித்துவிட்டு, ‘நூறு வருஷம் ஆகிவிட்டது, பேப்பர் தேவையில்லை’ என்று நம் ஊரிலும் சிலர் சொல்கிறார்கள். இந்தியச் சட்டம் வயதைக் கேட்பதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. வழக்கொழிந்த வகை, தொல்பொருள் மதிப்புள்ளது, பழுதடைந்தது, இப்படிப்பட்ட ஆயுதங்களுக்குச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும்.

‘பழுது பார்த்தாலும்’ என்ற சொற்களை இரண்டு முறை படியுங்கள். வில் உடைந்திருக்கிறது, குதிரை நிற்கவில்லை, துரு ஏறி இறுகிவிட்டது என்பதெல்லாம் போதாது. ஒரு கம்மியர் புது வில் போட்டால் சுடும் என்றால் அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். குழல் வெடித்துப் பிளந்தது, உள்ளே முழுவதும் அடைத்து உருகிப்போனது போன்றவைதான் விலக்குக்குள் வர வாய்ப்புள்ளவை. அப்படியா இல்லையா என்பதை நீங்களும் நானும் சொல்ல முடியாது. ஆயுதங்களை ஆராயும் வல்லுநர் சொல்ல வேண்டும்.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் தனி. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் உயர்த்திய தண்டனை இது. உங்கள் தோட்டா 9 மில்லிமீட்டர் போன்ற தடை செய்யப்பட்ட வகையாக இருந்துவிட்டால் தண்டனை இன்னும் பல மடங்கு.

முதல் ஒரு மணி நேரம்

துப்பாக்கி கண்ணில் பட்டதும் பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். குழல் வாய் யாரையும் பார்க்காத பக்கம் இருக்கட்டும். விசையைத் தொடாதீர்கள், குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். வாய்வழி மருந்திடும் வகை, உள்ளே இட்ட மருந்தோடு பல பத்தாண்டுகள் கிடக்கும். உலர்ந்த இடத்தில் இருந்த கருமருந்து கெட்டுப்போயிருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ரெமிங்டன் இரட்டைக் குழலில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. குதிரை முழுவதும் இறங்கிய நிலையில் அதன் ஊசி தோட்டாவின் விளிம்பில் தொட்டபடி நிற்கும். தரையில் விழுந்தாலே வெடிக்கலாம். பாதி ஏற்றிய நிலையில் நிறுத்தும் வெட்டும் தேய்ந்திருக்கும், அதையும் நம்ப முடியாது. பிரௌனிங் வகையில் மேகசினை உருவிவிட்டால் காலியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். குழலுக்குள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். விபத்துகள் பெரும்பாலும் அந்த ஒன்றால்தான்.

பெட்டியோடு கிடைத்தால் பெட்டியோடு விடுங்கள். எங்கே, எந்த நிலையில் இருந்தது என்று கைப்பேசியில் ஓரிரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் போடாதீர்கள்.

பிறகு போக வேண்டிய இடம் காவல் நிலையம். ஆத்தூர்க்காரர்களுக்கு ஊரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. துப்பாக்கியைப் பையில் போட்டு பைக்கில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வழியில் சோதனையில் சிக்கினால் விளக்கம் எடுபடாது. முதலில் எழுத்தில் தகவல். இன்ன தேதியில், இன்ன வீட்டில், இன்னாருடைய பெட்டியில் இப்படியொரு பொருள் இருக்கக் கண்டோம், சட்டப்படி ஒப்படைக்க விரும்புகிறோம் என்று நாலு வரி போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தயக்கமாக இருந்தால் ஒரு வக்கீலை உடன் அழைத்துப் போவதில் தவறே இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. துப்பாக்கியைக் காவலர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஒப்படைத்தால் போனது போனதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. சட்டத்தின் 21ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை இல்லாமல் போனவர் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு உரிமம் கிடைத்தால் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ள ஒருவருக்கு விற்றுப் பணம் பெறலாம். குறித்த காலத்துக்குள் எதுவும் செய்யாவிட்டால்தான் அரசுடைமையாகும். ரசீது வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள். மாடல், எண், குழல் நீளம், உடன் இருந்த தோட்டாக்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆறுதலும் உண்டு. உரிமமின்றி வைத்திருந்ததற்காக வழக்குத் தொடர 39ஆம் பிரிவின்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி வேண்டும். தானே முன்வந்து எழுதிக் கொடுத்த குடும்பத்தையும், ஒளித்து வைத்துப் பிடிபட்டவரையும் அந்த மேசை ஒரே கண்ணால் பார்க்காது என்று நம்பலாம். அதனால்தான் முத்திரை விழுந்த அந்த நாலு வரிக் கடிதம் அவ்வளவு முக்கியம்.

தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்தது என்றால்

பழைய லைசென்ஸ் புத்தகம் துப்பாக்கியோடு கிடைத்தால் பொக்கிஷம்தான். ஆனால் அது உங்களுக்கு உரிமை தராது. உரிமம் ஆளுக்குரியது, பொருளுக்குரியது அல்ல. ஆள் காலமானதும் அதுவும் முடிந்தது. இன்றைக்கு ஒவ்வோர் உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் கட்டாயம். அந்த எண் ஏறாத புத்தகம் பழைய ஆவணம் மட்டுமே.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாரிசுக்குத் தனி வழி வைத்திருக்கின்றன. உரிமதாரர் காலமானால் அவருடைய சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் முடியும்: அவருக்கு 70 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வீட்டில் உரிமத்தோடு ஒரு பெரியவர் இருந்தால் இன்றே இதைப் பேசி முடியுங்கள். பின்னால் நாலு பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்துப் போட அலைவதைவிட இது எவ்வளவோ எளிது.

விண்ணப்பம் தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்துக்கு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் எழுத்துச் சம்மதம், அடையாள, முகவரி ஆவணங்கள், மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை தேவைப்படும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை அறிக்கைக்குப் பிறகே முடிவு. கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகள் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான், வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். வெற்றிலைக் கொடிக்கால் காவலுக்கோ வாழைத் தோட்டத்துக்கோ ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருப்பவர், ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

முத்திரைகளைப் படிப்பது

பொருள் என்ன, எந்தக் காலத்தது என்று அறிய குழலின் மேலும் அடியிலும் உள்ள எழுத்துகளே முதல் சாட்சி. நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலை முத்திரை. அந்த வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893 அல்லது அதற்குப் பிறகு. ரெமிங்டனில் ‘இ. ரெமிங்டன் அண்ட் சன்ஸ், இலியன்’ என்று இருந்தால் 1888க்கு முற்பட்டது. ‘ரெமிங்டன் ஆர்ம்ஸ் கம்பெனி’ என்பது 1888 முதல் 1911 வரை, யு.எம்.சி. சேர்ந்திருந்தால் அதற்கும் பின்.

இறக்குமதி செய்து விற்ற கடையின் பெயரும் சில சமயம் குழலில் இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. கல்கத்தாவில் ரோடா கம்பெனி. 1914இல் வங்கப் புரட்சியாளர்கள் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்தியது அந்தக் கம்பெனிச் சரக்கிலிருந்துதான். இப்படி ஒரு பெயர் கிடைத்தால், பொருள் கப்பல்காரர் விட்டுப்போனதா, முறையாகக் கடையில் வாங்கியதா என்ற குடும்பக் கதைக்கு ஒரு சான்று சேர்கிறது. அந்தக் கதையையும் எழுதி வையுங்கள். புன்னைக்காயலிலோ காயல்பட்டினத்திலோ இலங்கை வியாபாரம் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எண் இல்லாமல், முத்திரை இல்லாமல், சுரண்டியது போல் இருந்தால் நீங்கள் புதிதாக எதுவும் குத்தாதீர்கள். அடையாளத்தை மாற்றுவது தனிக் குற்றம்.

சுடலாமா?

உரிமம் கையில் வந்தபின் எல்லாரும் கேட்கும் கேள்வி. என் பதில், சுடாதீர்கள் என்பதுதான். காரணங்களைச் சொல்கிறேன்.

ரெமிங்டனுக்கு உரிய .41 போர் தோட்டா விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகை. வழக்கமான உற்பத்தி நின்று பல காலம் ஆகிறது, காலி உறையில் மறுபடி மருந்து நிரப்பவும் முடியாது. பெரிய பயனும் அதில் இருந்ததில்லை. அதன் குண்டு நொடிக்கு 130 மீட்டர் போலத்தான் பாயும், சீட்டாட்ட மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சுடுவதற்கென்று வந்த பொருள். மேலே உள்ள கீலின் காதுகள் வெடிப்பது இந்த மாடலின் பிறவிக் குறை. நூறு வருடத்துக்குப் பின் தெரியாத மயிரிழை வெடிப்பு ஒன்று அங்கே இருந்தால் குழல் முகத்தை நோக்கித் திரும்பும்.

பிரௌனிங் வகைக்கு ஆசை அதிகம் வரும், ஏனென்றால் 7.65 தோட்டா இந்தியாவிலேயே கிடைக்கிறது. இங்கே ஒரு குழப்பம் கையைப் பறிக்கக் கூடியது. நம் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வருக்கும் ‘.32 போர்’ என்றுதான் பெயர், பிஸ்டலுக்கும் அதே பெயர்தான். இரண்டும் வெவ்வேறு தோட்டா. ரிவால்வருடையது 23 மில்லிமீட்டர் நீள உறையும் அகன்ற விளிம்பும் கொண்டது. பிஸ்டலுடையது 17 மில்லிமீட்டர்தான். கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் குழலின் முத்திரையையும் உறையின் அடியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வில், பழைய எஃகு இவற்றை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில் சோதித்து, அவர் எழுத்தில் சரி என்று சொன்னால், அங்கீகரித்த சுடுதளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க ஓரிரு வெடி. அதற்கு மேல் வேண்டாம்.

கேப்பு வைத்துச் சுடும் வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. சிவகாசி நமக்குப் பக்கம். பட்டாசு மருந்து கிடைக்கிறதே என்று எந்தக் காரணத்துக்காகவும் குழலுக்குள் இடாதீர்கள். அது துப்பாக்கி மருந்து அல்ல, எரியும் வேகமே வேறு. குழல் கையிலேயே சிதறும். தற்காலப் புகையில்லா மருந்தும் அப்படியே.

கல்யாண வீட்டில், கோயில் கொடையில் வானத்தை நோக்கி ஒரு வெடி என்பதும் இப்போது குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடும் கலை உண்மையில் பிடித்திருந்தால் தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த ஏதேனும் ஒரு ரைபிள் கிளப்பில் சேருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். ஒரு டெரிஞ்சர் ஆயுளில் கற்றுத்தராத நிதானத்தை அது ஒரு வருடத்தில் கற்றுத்தரும்.

கடற்காற்றிலிருந்து காப்பது

மன்னார் வளைகுடாவின் உப்புக் காற்று ஆத்தூர் வரை தாராளமாக வருகிறது. ஆற்று ஈரமும் கொடிக்கால் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இந்த ஊரில் எஃகைத் தின்பது முதலில் காற்று, அடுத்து நம் விரல் வியர்வை. பருத்திக் கையுறை போட்டு எடுங்கள். உப்புத்தாள், பிராசோ, புளி எதுவும் வேண்டாம். பழைய கருநீலப் பூச்சும் மேல் எழுத்துகளும் போய்விட்டால் பொருளின் மதிப்பும் அதோடு போகும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி இறுகும். தையல் மிஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு ஒரு கை தடவினால் போதும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டும் ஆழமாகத் துருவேற்றும். உறையைத் தனியாக, துப்பாக்கியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு இரும்புப் பெட்டியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. உடைந்ததை ஊர்ப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யக் கூடாது; துப்பாக்கி பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும், கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே மாட்டிக்கொள்வார்கள்.

வைத்திருக்க விருப்பமில்லை என்றால் உரிமம் உள்ளவருக்கு, கலெக்டர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்து விற்கலாம். வரலாற்றுத் தொடர்பு உறுதியானால் அருங்காட்சியகத்துக்கு எழுதிப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நினைவிருக்கட்டும். நூறு ஆண்டைத் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனி ஆள் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். சுடாத பழம்பொருள் என்று விட்டுவிடாதீர்கள். கொடுக்கும்போது எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, மேலே பெயரும் உரிம எண்ணும் எழுதிய அட்டை கட்டிக் கொடுங்கள். தேர்தல் முடிந்து வாங்கும்போது ரசீதில் உள்ள எண்ணைக் குழலில் உள்ள எண்ணோடு அங்கேயே சரிபார்த்து, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.